தேய்மானம் யாருக்கு?

பழைய கார் வாங்க வருகிறவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? முதலில் பானெட்டைத் திறந்து எஞ்சினை முறைப்பார்கள். (முறைத்து என்ன தெரியும் என்பது வேறு விஷயம். திறந்து பார்க்காவிட்டால் மரியாதை இல்லை.) டயரை ஒரு உதை உதைப்பார்கள். கதவை 'டொப்' என்று சாத்தி, சத்தத்தைக் கேட்டுத் தலையாட்டுவார்கள். ஓடிய கிலோமீட்டரைப் படித்துவிட்டு நம்பாமல் சிரிப்பார்கள். ஒருத்தராவது குனிந்து பெடலைப் பார்த்து நான் பார்த்ததில்லை.

இத்தனைக்கும் வண்டியில் பொய் சொல்லத் தெரியாத இடம் அதுதான். மீட்டரைத் திருப்பலாம். பெயின்ட் அடிக்கலாம். சீட்டுக்குப் புது உறை மாட்டலாம். ஆனால் கிளட்ச் பெடல் ரப்பர் பாதி கரைந்த சோப்பு மாதிரி வழவழவென்று இருந்தால், மீட்டர் 30,000 என்று காட்டுவதை நம்ப வேண்டாம். அறுபது ரூபாய் ரப்பரை மாற்றி வைக்கவேண்டும் என்று விற்கிறவருக்கும் பெரும்பாலும் தோன்றுவதில்லை.

பாவம் சார், அந்தப் பெடல். பிரேக்குக்கு பூஸ்டர், ஸ்டீயரிங்குக்கு பவர் என்றெல்லாம் உதவிக்கு ஆள் வந்துவிட்டது. பழைய சின்ன கார்களில் கிளட்சுக்கு மட்டும் கடைசிவரை நம் இடது காலும் ஒரு இரும்புக் கம்பியும்தான். ஒருநாள் வேலையத்துப்போய் எண்ணிப் பார்த்தேன். சாயங்காலம் ஆறரை மணிக்கு கத்திப்பாராவிலிருந்து குரோம்பேட்டை வருவதற்குள் 131 தடவை மிதித்திருக்கிறேன். இதையே ஜிம்மில் செய்தால் மாசா மாசம் பணம் கட்டவேண்டும்.

இப்போது கார் வாங்கும் பையன்களுக்கு இந்தக் கஷ்டம் புரியாது. 2014 ஜனவரியில் மாருதி 800 தயாரிப்பை நிறுத்தினார்கள். அடுத்த மாசமே அதே கம்பெனி, கிளட்ச் பெடல் இல்லாமல், தானே கியர் மாற்றிக்கொள்ளும் செலெரியோவைக் கொண்டுவந்தது. ஆபீசில் என் பக்கத்து சீட்காரர் அப்படி ஒன்றுதான் வைத்திருக்கிறார். "இடது கால் எதுக்கு சார் இருக்கு? தாளம் போடத்தான்" என்பார்.

எங்கள் வண்டி அந்த ஜாதி இல்லை. 1998 மாருதி 800. மூன்று சிலிண்டர், 796 சி.சி., நாலு கியர், கார்புரேட்டர். அப்பா தொலைபேசித் துறையில் இருந்தபோது பி.எஃப். லோன் போட்டு, புத்தம் புதுசாக வாங்கியது. 15 வருஷ ரெஜிஸ்ட்ரேஷன் முடிந்து, அப்புறம் 5 வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.டி.ஓ. ஆபீசில் நிறுத்தி, இன்ஸ்பெக்டர் சுற்றிப் பார்த்து, புதுப்பித்துப் புதுப்பித்து ஓடிக்கொண்டிருக்கிறது. எனக்கு நினைவு தெரிந்து அதை அப்பாவைத் தவிர வேறு யாரும் ஓட்டியதில்லை. எனக்கு பைக். கார் சாவி அப்பாவின் பூணூலுக்கு அடுத்தபடி. குளிக்கும்போதுகூட கண் பார்க்கிற இடத்தில்தான் தொங்கும்.

போன வருஷம் ஆடி மாசம் அந்த சாவியைத் தூக்கி என் கையில் கொடுத்தார்.

"வித்துடலாம்டா."

"ஏன்ப்பா?"

"பெட்ரோல் விக்கிற விலைக்கு இது எதுக்கு? சும்மா நிக்குது."

சும்மாதான் நின்றுகொண்டிருந்தது. அம்மாவுக்குத் தோள்பட்டை பிசகி, வாரத்துக்கு ரெண்டு நாள் பல்லாவரத்தில் பிசியோதெரபி. முன்பெல்லாம் அப்பாதான் கூட்டிக்கொண்டு போவார். வாசலில் இறக்கிவிட்டு, வேப்பமர நிழலில் வண்டியைப் போட்டு, பேப்பர் படித்துக்கொண்டு காத்திருப்பார். மூன்று மாசமாக அம்மா ஆட்டோவில் போய்வந்தாள். போகவர 240 ரூபாய். அப்பா ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் வண்டியில் ஏறி உட்கார்ந்து, ஸ்டார்ட் பண்ணி, பத்து நிமிஷம் அப்படியே ஓடவிட்டு, அணைத்துவிட்டு இறங்கிவிடுவார். கேட்டால், "பேட்டரி இறங்கிடும்."

அம்மாதான் ஒருநாள் சமையலறையில் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "அவருக்கு முட்டி போயிடுச்சுடா. கிளட்சை மிதிக்க முடியலையாம். ரெண்டு தடவை ரிவர்ஸ் போடும்போது கரகரன்னு சத்தம் வந்து, பின்னாடி இருந்தவன் ஏதோ சொல்லிட்டானாம். டாக்டர்கிட்ட தனியா போயிட்டு வந்திருக்கார்."

பீரோ மேலே காக்கி உறையில் எக்ஸ்ரே இருந்தது. டாக்டர் எழுதிக் கொடுத்திருந்ததைத் தமிழில் சொன்னால் ஒரே வார்த்தை: தேய்மானம். 71 வயசில் யாரை எக்ஸ்ரே எடுத்தாலும் அந்த வார்த்தை வரும். அப்பா அதைத் தீர்ப்பு மாதிரி எடுத்துக்கொண்டுவிட்டார். இன்னும் இரண்டு மாசத்தில் அவருடைய டிரைவிங் லைசென்ஸ் முடிகிறது. அதைப் புதுப்பிப்பதில்லை என்றும் முடிவாகியிருந்தது. அவராகவே, யாரிடமும் கேட்காமல்.

புரோக்கர் ஒருத்தர் வந்தார். மேலே சொன்ன சடங்குகள் எல்லாம் நடந்தன. பானெட், டயர், கதவு. பெடலை மட்டும் பார்க்கவில்லை. "ஒரு ரவுண்டு போலாம் சார்" என்றார். அப்பா உள்ளே போய்விட்டார். சரியென்று நானே உட்கார்ந்தேன்.

தெருமுனை திரும்புவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. எனக்கு வயசு 34. வாரத்தில் மூன்று நாள் ஷட்டில் ஆடுகிறவன். அந்தப் பெடலை மிதிப்பது, ஈர மணலில் புதைந்த கல்லைக் காலால் தள்ளுவது மாதிரி இருந்தது. பாதி வழியில் ஒரு இடத்தில் சிக்கி, அப்புறம் 'கிர்ர்ச்' என்று முனகிக்கொண்டு இறங்கியது. முழுக்க மிதித்தும் ரிவர்ஸ் விழும்போது கரகரவென்றது. நாலு தெரு சுற்றி வந்து இறங்கினால் இடது தொடை வலிக்கிறது.

எனக்கு முட்டியில் தேய்மானம் கிடையாது சார்.

புரோக்கரை "அப்புறம் சொல்றேன்" என்று அனுப்பிவிட்டேன்.

மறுநாள் ஆபீசில் விஷயத்தை அவிழ்த்தது ஒரு அனுபவம். எங்கள் செக்ஷனில் பதினோரு பேர். அதில் பத்துப் பேர் மெக்கானிக் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. "பிளேட் போயிருக்கும்" - நாலு ஓட்டு. "பிரஷர் பிளேட்" - மூணு. "வித்துத் தொலைங்க சார்" - ரெண்டு. "கியர் ஆயில் மாத்தினீங்களா?" - ஒன்று. பதினோராவது ஆள் டெபாசிட் இழந்தார். கிளட்ச் என்பது எங்கே இருக்கும் என்று கேட்டார்.

அவருக்காகச் சொல்கிறேன். எஞ்சின் ஓய்வில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். சக்கரமோ சிக்னலில் நிற்கவேண்டும். இரண்டும் கைகோத்துக்கொண்டிருந்தால் ஒன்று வண்டி நிற்காது, இல்லை எஞ்சின் அணைந்துவிடும். நடுவில் ஒரு தட்டு இருக்கிறது. அதுதான் கிளட்ச் பிளேட். ஸ்பிரிங் வைத்த இன்னொரு தட்டு, அதாவது பிரஷர் பிளேட், அதை எஞ்சின் பக்கம் அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கும். நீங்கள் பெடலை மிதித்தால் கேபிள் இழுபடும். கேபிள் கியர் பாக்சில் இருக்கும் ஒரு நெம்புகோலை இழுக்கும். அது ஸ்பிரிங்கை அமுக்கி, பிடியை விடவைக்கும். காலை எடுத்தால் மறுபடி பிடித்துக்கொள்ளும். ஆக, பெடலில் ஒரு கோளாறு தெரிந்தால் காரணம் கால் பக்கமும் இருக்கலாம், நடுவிலிருக்கும் கேபிளிலும் இருக்கலாம், கியர் பாக்ஸ் பக்கமும் இருக்கலாம். மூன்று இடம்.

ஒரு பெரிய வொர்க்ஷாப்புக்குக் கொண்டுபோனேன். (பெயர் வேண்டாம்.) ஏ.சி. ரூம், காபி, டை கட்டிய பையன். பெடலை ஒரே ஒரு தடவை மிதித்துப் பார்த்துவிட்டு, "ஃபுல் கிளட்ச் செட் சார். கியர் பாக்ஸ் இறக்கணும். லேபரோட 6,500 ஆகும்" என்றான். அந்தப் பையன் சொன்னதில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். பிளேட் தேயத்தேய ஸ்பிரிங் விறைத்துக்கொண்டு பெடல் கனப்பது உண்டு. ஆனால் மூன்று இடத்தில் ஒரு இடத்தைக்கூடப் பார்க்காமல், மிக விலை உயர்ந்த இடத்தைக் கைகாட்டினான் பாருங்கள், அங்கேதான் எனக்கு உறுத்தியது. அப்பாவின் எக்ஸ்ரே ஞாபகம் வந்தது.

ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஒரு சந்தில் பாய் ஒருத்தர் ஷெட் வைத்திருக்கிறார். அறுபதுக்கு மேல் இருக்கும். போர்டு கிடையாது. வேப்பங்கிளையில் பழைய சைலன்சர் ஒன்று தொங்கும், அதுதான் போர்டு. விஷயத்தைச் சொன்னேன். பாய் வண்டியில் ஏறவே இல்லை. கதவைத் திறந்து, தரையில் குந்தி, பெடல் ரப்பரையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சார் செருப்பைக் கழட்டிட்டுத்தான் ஓட்டுவாரோ?"

"ஆமா பாய். எப்படித் தெரியும்?"

"செருப்பு இங்க கிடக்கு." டிரைவர் சீட்டுக்கு அடியிலிருந்து அப்பாவின் பழைய ரப்பர் செருப்பை எடுத்து வெளியே வீசினார். "இதை மொதல்ல நிறுத்தச் சொல்லுங்க. பிரேக் புடிக்கிறப்ப இது உருண்டு பெடலுக்கு அடியில போச்சுன்னா, அவ்வளவுதான்."

அப்புறம் ரப்பரைத் தொட்டுக் காட்டினார். வலது ஓரம் மட்டும் இரும்பு தெரிகிற அளவுக்குத் தேய்ந்திருந்தது. இடது ஓரத்தில் கோடுகள் அப்படியே இருந்தன. "பெடல் நேரா தொங்கினா ஒரே மாதிரி தேயும். இது சாஞ்சு தொங்குது." பெடலைப் பிடித்து இடமும் வலமும் அசைத்தார். பால் பல் மாதிரி ஆடியது.

அடுத்து பிளேட் பரிசோதனை. முன்னால் யாரும் நிற்கவில்லை என்று இரண்டு தடவை பார்த்துக்கொண்டு, ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்து, மூன்றாவது கியர் போட்டு, லேசாக ஆக்ஸிலேட்டர் கொடுத்துக்கொண்டே கிளட்சை விட்டார். வண்டி ஒரு குலுங்கு குலுங்கி 'டக்'கென்று அணைந்தது. "பிளேட் உசுரோட இருக்கு தம்பி. போயிருந்தா எஞ்சின் பாட்டுக்கு உறுமிக்கிட்டே இருக்கும், அணையாது. ரோட்டுலயும் அப்படித்தான். சத்தம் ஏறும், ஸ்பீடு ஏறாது. கருகின வாசம் வரும். உங்களுக்கு வந்துச்சா?"

வரவில்லை.

கடைசியாக ஒன்று செய்தார். அதைத்தான் இந்தக் கட்டுரையில் அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளச் சொல்வேன். பானெட்டைத் திறந்து, கியர் பாக்ஸ் பக்கம் கேபிள் முனையிலிருந்த நட்டைக் கழற்றி, கேபிளை நெம்புகோலிலிருந்து விடுவித்துவிட்டார். "இப்ப பெடலை மிதிங்க."

மிதித்தேன். அதே கல். அதே முனகல்.

"இப்ப பெடலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் சம்பந்தமே இல்ல. அத்து விட்டாச்சு. வெறும் பெடலும் கேபிளும்தான். காத்துல ஆடற மாதிரி இறங்கணும். இறங்குதா?"

இறங்கவில்லை. 6,500 ரூபாய் அந்த இடத்தில் மிச்சமாயிற்று.

அதன்பிறகு நடந்தது சிரசாசனம். இதைச் செய்ய வேறு வழி கிடையாது. முதுகைத் தரையோடு கொடுத்து, தலையை டேஷ்போர்டுக்கு அடியில் நுழைத்து, கால் இரண்டையும் சீட்டின் மேல் போட்டுக்கொள்ள வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால், காரை எதிர்த்து தர்ணா செய்கிற மாதிரி இருக்கும். பாய் தன் உதவிப் பையனை அனுப்பாமல் தானே நுழைந்தார். அரை மணி நேரம் டார்ச் வெளிச்சமும் சில உருது வார்த்தைகளும் மட்டும் வெளியே வந்தன. அப்புறம் பெடல் வந்தது.

பெடல் ஒரு தண்டில் மாட்டித் தொங்குகிறது. தண்டுக்கும் பெடலுக்கும் நடுவில் மோதிரம் மாதிரி ஒரு புஷ். இரும்போடு இரும்பு உரசாமல் இருப்பதற்காக, சின்னது, விரல் நுனி அளவு. எங்கள் வண்டியில் அந்த இடத்தில் இருந்தது பிளாஸ்டிக் தூளும் கருப்பு மெழுகும்தான். புஷ் எப்போதோ நொறுங்கிவிட்டது. தண்டில் பள்ளம் விழுந்து, துருப்பிடித்து, அந்தப் பள்ளத்தில்தான் பெடல் ஒவ்வொரு தடவையும் விழுந்து எழுந்திருக்கிறது. கேபிளின் மேல் முனையில் இரண்டு பிரி அறுந்து முள் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. நம் கால் கொடுக்கிற அசைவில் ஒரு பங்கு, புஷ் இருந்த ஓட்டையின் ஆட்டத்திலேயே செலவாகிவிடுகிறது. மிச்சம்தான் கீழே போய்ச் சேரும். அதனால் முழுக்க மிதித்தாலும் கிளட்ச் முழுக்கப் பிரியவில்லை. அதுதான் ரிவர்ஸில் கரகர.

"இது ஒரு நாள்ல ஆன வேலை இல்ல," என்றார் பாய். "வருஷக்கணக்கா கொஞ்சங்கொஞ்சமா இறுகும். தினம் ஓட்டறவருக்குத் தெரியாது. கால் பழகிடும். ஒருநாள் கால் முடியாதுன்னு சொல்லும். அன்னிக்கு அவர் காலைத்தான் சந்தேகப்படுவார், வண்டியை இல்ல."

நான் ஒன்றும் சொல்லவில்லை. காக்கி உறை விஷயத்தை அவரிடம் நான் சொல்லியிருக்கவில்லை.

மிச்சம் எல்லாம் மளமளவென்று நடந்தது. தண்டின் பள்ளத்தை வெல்டிங் வைத்து நிரப்பி, பக்கத்து லேத் பட்டறையில் கடைந்து வழவழப்பாக்கினார்கள். பிளாஸ்டிக்குக்குப் பதிலாக பித்தளையில் புஷ் கடைந்து போட்டார்கள். "கிரீஸ் வெச்சுக்கிட்டே இருந்தா நமக்கு அப்புறமும் இருக்கும்" என்றார் லேத்காரர். கேபிள் புதுசு. பெடல் ரப்பர் புதுசு. மாட்டியபின் மிதித்துப் பார்த்தால் முதல் முக்கால் அங்குலம் காற்றில் போகிற மாதிரி சும்மா இறங்கி, அப்புறம்தான் பிடி தட்டுகிறது. அந்த முக்கால் அங்குலத்துக்கு ஃப்ரீ பிளே என்று பெயர். அது இல்லாமல் இறுக்கிவிட்டால் பிளேட் எப்போதும் பாதி பிடி, பாதி விடுதலை என்று தேய்ந்து தீரும். கிளட்ச் மேல் காலை வைத்துக்கொண்டே ஓட்டுகிறவர்கள் செய்வதும் அதேதான். சிக்னலில் கியரைப் போட்டு, மிதித்துக்கொண்டே நிற்கிற நண்பர்களே, நியூட்ரலுக்கு வாருங்கள். நூறு செகண்ட் சிக்னலில் உங்கள் காலுக்கும் ஓய்வு, ரிலீஸ் பேரிங்குக்கும் ஓய்வு.

லேத் 250, கேபிள் 450, ரப்பர் 60, பாய்க்கு 800. மொத்தம் 1,560.

வீட்டில் வண்டியை நிறுத்திவிட்டு, "புரோக்கர் நாளைக்கு வரார். நீங்களும் ஒரு தடவை ஓட்டிப் பாத்துருங்கப்பா" என்றேன். (நாளைக்கு யாரும் வருவதாக இல்லை.) அப்பா ஏதோ முணுமுணுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பழக்கதோஷத்தில் செருப்பைக் கழற்றினார். இடது காலை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கிப் பெடல் மேல் வைத்தார். அதை நான் அன்றைக்குத்தான் பார்க்கிறேன். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு மிதி மிதித்தார்.

பெடல் தடால் என்று தரையைத் தொட்டது. அப்பா கிட்டத்தட்ட ஸ்டீயரிங்கில் முட்டிக்கொண்டார்.

திரும்பி என்னைப் பார்த்தார். மறுபடி மிதித்தார். விட்டார். மிதித்தார். ஸ்டார்ட் செய்யாமலே பத்துத் தடவையாவது இருக்கும். அம்மா வாசலுக்கு வந்துவிட்டாள்.

ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். 71 வயசில் எல்லோரும் கார் ஓட்டியே ஆகவேண்டும் என்று நான் சொல்லவில்லை. கால் நிஜமாகவே முடியாது என்றால் சாவியைக் கொடுத்துவிடுவதுதான் தெருவில் போகிறவர்களுக்கும் நல்லது. ஆனால் அதை அவர் காலும் டாக்டரும் சேர்ந்து முடிவு செய்யட்டும். விரல் நுனி அளவு பிளாஸ்டிக் வளையம் முடிவு செய்யக்கூடாது. டாக்டரிடமும் இந்தத் தடவை நானும் கூடவே போனேன். பெடலைப் பற்றி முழுக்கச் சொன்னோம். அவர் முட்டியை மடக்கி நீட்டிப் பார்த்து, பயிற்சி இரண்டு சொல்லிக்கொடுத்து, "சின்ன தூரம், பகல்ல, ஓட்டலாம். தூரப் பயணம் வேண்டாம்" என்றார். முட்டி வலி போய்விடவில்லை. மாடிப்படி ஏறும்போது இப்போதும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுகிறார். "மாடிக்கு மட்டும் இன்னும் புஷ் மாத்தலையா?" என்று அம்மா கேட்கிறாள்.

புரோக்கர் இரண்டு தடவை போன் செய்தார். மூன்றாவது தடவை அப்பாவே எடுத்து, "ராங் நம்பர்" என்று வைத்துவிட்டார்.

போன செவ்வாய்க்கிழமை நான் ஆபீஸ் கிளம்பும்போது, வேப்பமரத்தடிக்குப் புறப்படத் தயாராக வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தவர் கூப்பிட்டார்.

"டேய், லைசென்ஸ் ரினியூவலுக்கு 40 வயசுக்கு மேல மெடிக்கல் சர்டிபிகேட் வேணுமாம். படிவம் 1ஏ. ஆபீஸ்ல ஒரு பிரின்ட் எடுத்துட்டு வா."

"சரிப்பா."

"ரெண்டா எடு. ஒண்ணுல தப்பா எழுதிட்டேன்னா?"